எழுபது நிறைவு வீட்டில் ஒரு காய்ச்சல்: பொது ஃப்ளூ தடுப்பூசி யாருக்கு உதவியிருக்கும்?

2023 மாசிக் கடைசியில், காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊரில் எழுபது நிறைவு சாந்தி ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பரவிய காய்ச்சலைப் பற்றிய ஆய்வு இது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிறந்த ஆண்டு, யார் தடுப்பூசி போட்டிருந்தார், யாருக்கு எவ்வளவு முற்றியது என்பவற்றில் மட்டும் கை வைக்கவில்லை. வாதமே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒரே வைரஸ், ஒரே கூரை, ஒரே வாரம். ஐந்து உடம்புகள் ஐந்து விதமாக நடந்துகொண்டன. எல்லா ஃப்ளூவுக்கும் பொதுவான ஒரு தடுப்பூசியை உருவாக்கப் பல நாட்டு ஆய்வகங்கள் பல ஆண்டுகளாக முயன்றுவருகின்றன. அந்த முயற்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் இந்த வீட்டில் யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று கேட்டுப் பார்க்கிறேன். எலியிலும், கீரி போன்ற சோதனை விலங்கான ஃபெரட்டிலும் வெற்றி பெற்ற ஊசிகள் மனிதரிடம் ஏன் தடுமாறுகின்றன என்பதற்கு இந்த வீட்டின் வயது வரிசை நல்ல விளக்கமாக இருக்கிறது.

நடந்தது

சாந்திக்கு முந்தின நாள் இரவு, சென்னையிலிருந்து மகன் குடும்பம் வந்திறங்கியது. பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்த ஏழு வயதுப் பேரனுக்கு அப்போதே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "ரயில் ஏசி ஒத்துக்கலை" என்று அதை விட்டுவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து மகள் வந்திருந்தார். கொத்தமங்கலத்திலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் பங்காளிகள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

சடங்குகள் முழுக்க வளவில், திறந்த முற்றத்தில் நடந்தன. நூறு பேர் கூடினாலும் காற்று தங்காத இடம் அது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளை வைரஸ் பரவலின் கண்ணோடு பார்த்தால் முகப்பும் வளவும் பாதுகாப்பானவை என்றுதான் சொல்வேன். ஆபத்து மாடியில் இருந்தது. பின்னாளில் தடுத்துக் கட்டிய இரண்டு ஏசி அறைகளில், சன்னலை அடைத்துவிட்டு, பிள்ளைகளும் பெண்களுமாக இரவில் நெருக்கிப் படுத்திருந்தார்கள். பேரனும் சிங்கப்பூர் அத்தையும் ஒரே அறையில். பகலில் அவன் பெரிய ஆச்சியின் மடியை விட்டு இறங்கவில்லை.

சாந்தி முடிந்த மறுநாள் பையனுக்கு 103 டிகிரி. இரண்டே நாளில் எழுந்து முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அதற்குள் மற்றவர்கள் படுத்துவிட்டார்கள்.

ஆய்வுக்கு வேண்டிய ஐந்து பேர் இவர்கள்:

பெரிய ஆச்சி, சாந்தி கண்டவரின் அக்கா. 1941இல் பிறந்தவர். ரத்த அழுத்தம் உண்டு. ஃப்ளூ ஊசி வாழ்நாளில் போட்டதில்லை.

சாந்தி கண்டவர், பிறப்பு 1953. சர்க்கரை நோய்க்கு என்னிடம் பார்ப்பவர். முந்தின ஐப்பசியில் நானே ஊசி போட்டுவிட்டேன்.

சிங்கப்பூர் மகள், பிறப்பு 1978. வேலை பார்க்கும் இடத்தில் வருடாவருடம் போட்டுவிடுகிறார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பிறப்பு 1972. ஊசி இல்லை.

பேரன், பிறப்பு 2016. மற்றத் தடுப்பூசிகள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். ஃப்ளூ ஊசி மட்டும் "தேவையில்லைன்னு விட்டுட்டோம்".

ஆச்சி, மகள், பேரன் மூவரின் மூக்கு, தொண்டைச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மூன்றிலும் கோவிட் இல்லை. பிசிஆரில் இன்ஃப்ளூயன்சா ஏ, உட்பிரிவு எச்3என்2. அந்த வாரங்களில் நாடு முழுக்க அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது. மார்ச் 10ஆம் தேதி தமிழ்நாடு அரசு ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியதும் அதற்காகத்தான். மற்ற இருவருக்கும் அறிகுறியையும் தொடர்பையும் வைத்து அதே நோய் என்று எடுத்துக்கொண்டேன்.

சாந்தி கண்டவருக்கு நான்கு நாள் காய்ச்சல், சர்க்கரை ஏறியது, நெஞ்சு தெளிவாக இருந்தது. முதல் நாளே ஃப்ளூ வைரஸுக்கான மருந்து ஓசெல்டமிவிரைத் தொடங்கினோம். மகளுக்குத்தான் நான் எதிர்பார்க்காத அளவுக்கு அடித்துப் போட்டது. ஆரோக்கியமான நாற்பத்தைந்து வயது, வருடம் தவறாத ஊசி. அப்படியும் ஒரு வாரம் படுக்கை, விமானச் சீட்டைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. வேலைக்கு வரும் அக்கா மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பாத்திரம் துலக்கியிருக்கிறார். மூன்றாம் நாள் வரவில்லை என்றபோதுதான் வீட்டில் விசாரித்தார்கள்.

பெரிய ஆச்சி மாத்திரை வேண்டாம், மிளகு ரசம் போதும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். நான்காம் நாள் நான் போய்ப் பார்த்தபோது ஆக்ஸிஜன் அளவு 88. கேள்விக்கு மாற்றிப் பதில் சொன்னார். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. அன்றே மதுரைக்கு அனுப்பினோம். ஆக்ஸிஜனும் ஆன்டிபயாடிக்கும் ஓசெல்டமிவிரும் கொடுத்து, ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். ஓசெல்டமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். அந்த வாய்ப்பு இவருக்குப் போய்விட்டிருந்தது.

"ஐப்பசியிலதானே ஊசி போட்டேன்?"

சாந்தி கண்டவர் வியாபாரக் குடும்பம். கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்காமல் விடமாட்டார். "ஐப்பசியிலதானே டாக்டர் ஊசி போட்டேன்? ஆயிரத்துச் சொச்சம் ரூபா. அது எங்க போச்சு?"

நியாயமான கேள்வி. பதில் மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு, ஊசியில் எந்த வைரஸைப் போடுவது என்ற தேர்வு. உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்திவரும் கண்காணிப்பு வலையமைப்பு, பல நாட்டு ஆய்வகங்களிலிருந்து மாதிரிகளைத் திரட்டுகிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்குமாக ஆண்டுக்கு இரண்டு பட்டியல் வருகிறது. இவருக்குப் போட்ட ஊசியில் எச்3என்2 பங்குக்கு இருந்தது ஏ/டார்வின்/9/2021. அந்த ஆண்டு இரண்டு பட்டியல்களிலும் அதே பெயர்தான். தேர்வில் பெரிய பிசகு இல்லை.

இரண்டாம் அடுக்கு தயாரிப்பு. உலகில் பெரும்பாலான ஃப்ளூ ஊசி இன்னமும் கோழி முட்டையில்தான் வளர்கிறது. எச்3என்2 வைரஸுக்கு முட்டை ஒத்துவருவதில்லை. அங்கே வளர வேண்டுமானால் தன் மேற்பரப்புப் புரதத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறது. 2016-17 பருவத்து ஊசியை ஆராய்ந்தவர்கள், சுற்றிக்கொண்டிருந்த வைரஸில் ஓரிடத்தை மூடியிருந்த சர்க்கரைக் கொத்து முட்டையில் வளர்ந்த ஊசி வைரஸில் காணாமல் போயிருந்ததைக் காட்டினார்கள். ஊசி தூண்டிய ஆன்டிபாடிகள் அந்தத் திறந்த இடத்தைக் குறிவைத்தன. நிஜ வைரஸில் அந்த இடம் மூடியிருந்தது. 2004 முதல் 2015 வரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த கணக்கு இதற்குப் பொருந்துகிறது: பருவகால ஊசியின் பலன் 2009 வகை எச்1என்1க்கு எதிராக 61 விழுக்காடு, பி வகைக்கு 54, எச்3என்2க்கு வெறும் 33. வயது ஏறினால் இன்னும் இறங்கும்.

மூன்றாம் அடுக்குதான் இந்த வீட்டை ஆராயத்தக்கதாக்குகிறது. ஊசி ஏறுவது வெற்றுடம்பில் அல்ல. வாழ்நாளில் முதலில் வந்த ஃப்ளூ, பழைய பேரேட்டின் முதல் பக்கப் பற்றுபோல உடம்பில் நிற்கிறது. பின்னால் வரும் ஒவ்வொன்றும் அதோடு ஒத்துப் பார்த்தே எழுதப்படுகிறது. அமெரிக்க ஃப்ளூ ஆய்வாளர் தாமஸ் பிரான்சிஸ் 1960இல் இதை விவரித்தார். எந்த வயதுக்காரரின் ரத்தத்தை எடுத்தாலும் அவர் சிறுவயதில் சுற்றிய வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியே மேலோங்கி நின்றதை அவர் கண்டிருந்தார்.

பிறந்த ஆண்டுகளைத் திரும்பப் பாருங்கள். 1918 முதல் 1957 வரை மனிதரிடம் சுற்றிய ஏ வகை எச்1என்1. 1957 முதல் 1968 வரை எச்2என்2. 1968இல் எச்3என்2 வந்து இன்றுவரை நிற்கிறது. 1977இல் எச்1என்1 திரும்பி வந்தது; 2009இல் அதன் இடத்தைப் பன்றியிலிருந்து வந்த புதிய எச்1என்1 பிடித்தது. ஆக, 1941இல் பிறந்த ஆச்சியின் முதல் சந்திப்பு எச்1என்1. 1953இல் பிறந்த தம்பிக்கு எச்1 அல்லது எச்2. 1972இல் பிறந்த அக்காவுக்கு எச்3 ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுகளில் வேறு ஏ வகை மனிதரிடம் சுற்றவில்லை. 1978இல் பிறந்த மகள் இரண்டும் கலந்து சுற்றிய காலத்துக் குழந்தை. பேரனும் அப்படியே.

எச் என்ற எழுத்து குறிப்பது ஹீமாக்ளூட்டினின் என்ற மேற்பரப்புப் புரதத்தை. ஏ வகையின் ஹீமாக்ளூட்டினின்கள் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. எச்1, எச்2, பறவைக் காய்ச்சலின் எச்5 ஆகியவை முதல் குழு. எச்3, எச்7 இரண்டாம் குழு. எச்5என்1, எச்7என்9 நோயாளிகளின் பிறந்த ஆண்டுகளை ஆராய்ந்து 2016இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, சிறுவயதில் சந்தித்த குழுவைச் சேர்ந்த பறவைக் காய்ச்சல் பின்னாளில் வந்தால் கடும் நோயிலிருந்து 75 விழுக்காடும் மரணத்திலிருந்து 80 விழுக்காடும் பாதுகாப்பு இருந்ததாகக் கணக்கிட்டது. 1968க்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5 மேல் ஓரளவு காப்பு. பின்னால் பிறந்தவர்களுக்கு எச்7 மேல்.

ஆச்சிக்கு முற்றியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 82 வயதும் மூன்று நாள் தாமதமுமே போதுமான காரணங்கள். ஆனால் மகளின் விஷயம் வேறு. 2020இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஸ்காட் ஹென்ஸ்லி குழுவினர், 1960களிலும் 70களிலும் பிறந்த பலரின் ரத்தத்தில் எச்3என்2வோடு ஒட்டும் ஆன்டிபாடி நிறைய இருந்தும், அது அண்மைக்கால வைரஸைச் செயலிழக்கச் செய்யவில்லை என்று காட்டினார்கள். பழைய எச்3என்2வுக்குப் பழகிய உடம்பு புதியதைக் கண்டதும் பழைய ஆன்டிபாடியையே இறைக்கிறது. வருடம் தவறாமல் ஊசி போட்ட ஆள் ஒரு வாரம் படுத்ததை விளங்கிக்கொள்ள எனக்குக் கிடைத்த நல்ல வழி இதுதான்.

தண்டை நோக்கி

பொதுத் தடுப்பூசி என்று எதைச் சொல்வது என்பதற்கு ஒரு வரையறை உண்டு. அமெரிக்காவின் தேசிய ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய் நிறுவனம் 2018இல் வைத்த அளவுகோல்: அறிகுறியுள்ள நோயைக் குறைந்தது 75 விழுக்காடு தடுக்க வேண்டும், ஏ வகையின் இரண்டு குழுக்களுக்கும் எதிராக வேலை செய்ய வேண்டும், குறைந்தது ஓராண்டு நிலைக்க வேண்டும், எல்லா வயதுக்கும் பொருந்த வேண்டும். நம் வீட்டில் ஏழு வயதும் இருக்கிறது, எண்பத்திரண்டும் இருக்கிறது. ஒரே வளவில் அந்த நிபந்தனை முழுக்க உட்கார்ந்திருந்தது.

ஹீமாக்ளூட்டினினுக்குத் தலை, தண்டு என்று இரண்டு பகுதி. வைரஸ் நம் உயிரணுவைப் பற்றுவது தலையால். நம் உடம்பு பாய்வதும் தலைமேல்தான். தலையோ ஆண்டுதோறும் உருமாறும். தண்டு அதிகம் மாறாது. ஆனால் உடம்பு அதைக் கவனிப்பதில்லை. தண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்க முடியும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993இல் சி179 என்ற ஒன்றின் மூலம் காட்டினார்கள். எச்1, எச்2 இரண்டையும் அது முடக்கியது. பதினைந்தாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2008, 2009இல் மனித உடம்பிலிருந்தே சிஆர்6261 போன்ற ஆன்டிபாடிகள் கிடைத்த பிறகுதான் துறையே சூடுபிடித்தது.

நியூயார்க்கில் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் பீட்டர் பலேசி, ஃப்ளோரியன் கிராமர் ஆகியோரின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. எச்1இன் தண்டின் மேல் மனிதர் அறியாத பறவை வைரஸ் ஒன்றின் தலையைப் பொருத்துகிறார்கள். அடுத்த தவணையில் தண்டு அதே, தலை வேறு. இரண்டு தலையும் உடம்புக்குப் புதியவை. தண்டு மட்டும் திரும்ப வருகிறது. ஆகவே நினைவு தண்டின் மேல் விழுகிறது. உடம்பின் பழக்கத்தைக் குறையாகப் பார்க்காமல், அதையே பயன்படுத்திக்கொள்ளும் வழி. முதல் கட்ட மனிதச் சோதனையின் முடிவு 2020இல் வந்தது: தண்டுக்கு எதிரான ஆன்டிபாடி நன்றாக எழுந்தது, பதினெட்டு மாதம் நின்றது.

சரி, இந்த ஊசி 2023 மாசியில் காரைக்குடியில் கிடைத்திருந்தால்? ஒருவருக்கும் பயன்பட்டிருக்காது. அது முதல் குழுவின் தண்டு. வீட்டுக்குள் வந்தது எச்3, இரண்டாம் குழு. இரண்டாம் குழுவின் தண்டில் ஒரு சர்க்கரைக் கொத்து குறுக்கே நின்று, சிஆர்6261 வகை ஆன்டிபாடிகள் ஒட்டுவதைத் தடுக்கிறது. இரண்டு குழுவையும் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் உண்டு. 2011இல் விவரிக்கப்பட்ட எஃப்ஐ6 அப்படி ஒன்று. ஆனால் ஊசியால் அவற்றை எல்லாரிடமும் வரவழைப்பது இன்னும் கைகூடவில்லை. ஆக, தண்டு வழியில் போனால் இரண்டு குழுவுக்கும் தனித்தனித் தண்டு வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே எச்1என்1 தொற்றை ஏற்றி, பிறகு சிஆர்6261ஐ நரம்பு வழியாகச் செலுத்திப் பார்த்த சோதனையில், வைரஸ் வெளியேற்றம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எலியைக் காப்பாற்றிய அதே பொருள்தான். தண்டு ஆன்டிபாடி தொற்றை வாசலில் மறிப்பதைவிட, தொற்றிய உயிரணுக்களை நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பதில்தான் அதிகம் உதவுகிறது. எச்3க்கு ஏற்ற தண்டு ஊசியே இருந்திருந்தாலும், மடியில் உட்கார்ந்து இருமிய பேரனிடமிருந்து ஆச்சிக்குத் தொற்றாமல் அது தடுத்திருக்காது. நிமோனியாவரை போகாமல் தடுத்திருக்கலாம். மதுரைப் பயணம் மிச்சம் என்றால் அதுவே எனக்குப் போதும். ஆனால் அளவுகோல் கேட்பது அறிகுறியுள்ள நோயைத் தடுப்பதை.

தோற்றவை

வெற்றிச் செய்திகளைவிடத் தோல்விகளிலிருந்துதான் இங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இஸ்ரேலின் பயோண்ட்வாக்ஸ் நிறுவனத்தின் எம்-001, மூன்றாம் கட்டச் சோதனைவரை போன முதல் பொதுத் தடுப்பூசி. வைரஸின் மாறாத ஒன்பது துண்டுகளைக் கோத்துச் செய்த ஒரே புரதம். சிறிய சோதனைகளில், தொற்றிய உயிரணுக்களைத் தாக்கும் டி அணுக்கள் அழகாக எழுந்தன. கிழக்கு ஐரோப்பாவில் ஐம்பது வயதைத் தாண்டிய 12,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நம் ஆச்சியையும் தம்பியையும் போன்றவர்களுக்காகவே வகுத்த சோதனை. 2020 அக்டோபரில் முடிவு வந்தது: போலி ஊசி போட்டவர்களுக்கும் இதைப் போட்டவர்களுக்கும் நோய் வருவதில் வித்தியாசம் இல்லை. நோயின் கடுமையும் குறையவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் சாரா கில்பர்ட் குழு வேறு பக்கம் போனது. மேற்பரப்பை விட்டுவிட்டு, வைரஸின் உள்ளே இருக்கும் என்பி, எம்1 புரதங்களுக்கு எதிராக டி அணுக்களைத் தூண்டும் ஊசி. உள்ளே இருப்பவை பெரிதாக மாறாதவை. எச்1 ஆனாலும் எச்3 ஆனாலும் ஒன்றே. நம் வீட்டின் ஐந்து பேருக்கும் கோட்பாட்டளவில் பொருந்தும். 2019இல் ஆஸ்திரேலியாவில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வழக்கமான ஊசியோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை. அதே கில்பர்ட் அடுத்த ஆண்டு கோவிட் தடுப்பூசியால் உலகம் அறிந்தவரானார்.

இரண்டு தோல்விக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ரத்தத்தில் அளந்த எண் நன்றாக இருந்தது. வழக்கமான ஃப்ளூ ஊசிக்கு, சிவப்பணுக்கள் திரள்வதைத் தடுக்கும் சோதனையில் 40இல் ஒன்று என்ற அளவைத் தொட்டால் ஏறக்குறைய பாதிப் பாதுகாப்பு என்று ஒரு கைக்கணக்கு இருக்கிறது. அந்தச் சோதனை தலையை மட்டுமே அளக்கும். தண்டு ஆன்டிபாடி அதில் தெரியவே தெரியாது. டி அணுவும் அப்படித்தான். பொதுத் தடுப்பூசிக்கு இப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டு, ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து, யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று எண்ணினால்தான் உண்டு. அந்தப் பருவத்தில் ஃப்ளூ அதிகம் வராவிட்டால் போட்ட பணம் அத்தனையும் வீண். ஓராண்டுக்கு மேல் நிலைக்கும் என்று காட்ட வேண்டுமென்றால் பல பருவங்கள். இதற்குப் பணம் போடத் தனியார் நிறுவனங்கள் தயங்குவதில் வியப்பில்லை. ஆண்டுதோறும் விற்கும் ஊசியைத் தானே ஒழிக்க யார் அவசரப்படுவார்கள்?

கூட்டத்தைக் காட்டுவது

மாறாத ஒன்றைத் தேடுவதைச் சிலர் கைவிட்டு, மாறக்கூடிய எல்லாவற்றையும் உடம்புக்குக் காட்டிவிடலாம் என்று திரும்பியிருக்கிறார்கள்.

அமெரிக்க அரசின் தடுப்பூசி ஆய்வு மையத்திலிருந்து பார்னி கிரஹாம், மசாரு கனேகியோ ஆகியோரும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து நீல் கிங்கும் சேர்ந்து, நுண்துகள் ஒன்றின் மேல் இருபது ஹீமாக்ளூட்டினின்களைப் பதித்தார்கள். நான்கு வைரஸ்களுடையவை கலந்து நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு தலைகள் நிற்பதால், பொதுவான பகுதியைப் பிடிக்கும் பி அணுவுக்கு (ஆன்டிபாடி செய்யும் அணு) ஒரே துகளில் பல பிடி கிடைக்கிறது. விலங்குகளில், ஊசியிலேயே இல்லாத எச்5, எச்7 வைரஸ்களிடமிருந்தும் அது காத்தது. 2021இல் முதல் மனிதச் சோதனை தொடங்கியது. எச்1, எச்3 இரண்டும் இருப்பதால் நம் வீட்டுக்கு, குறைந்தபட்சம் வழக்கமான ஊசி தருவதையாவது தந்திருக்கும். வயதானவர்களின் பழைய நினைவை அது தாண்டுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

2022 நவம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹென்ஸ்லியும் ட்ரூ வைஸ்மனும் இன்னும் துணிந்தார்கள். ஏ வகையின் பதினெட்டு உட்பிரிவு, பி வகையின் இரண்டு கிளை, ஆக இருபதின் தலைப் புரதத்தையும் நம் உயிரணுவே செய்துகொள்ள வழிகாட்டும் எம்ஆர்என்ஏ சேர்த்து ஒரே ஊசி. எலியிலும் ஃபெரட்டிலும், ஊசியில் இல்லாத மாறுபட்ட வைரஸைச் செலுத்தியபோது தொற்று வந்தது, கடுமை குறைந்தது. அவர்களே இதை முதல் நினைவைப் பதிக்கும் ஊசியாகப் பார்க்கிறார்கள். இந்த வீட்டில் அதிகப் பலன் பெறக்கூடியவர் யார் என்று என்னைக் கேட்டால், பேரன்தான் என்பேன், அதுவும் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது. முதல் ஃப்ளூ வந்து முதல் வரியை எழுதுவதற்கு முன்னால் இருபது தலையையும் காட்டிவிட்டால், 1978 அத்தையின் நிலைமை அவனுக்கு நாற்பத்தைந்தில் வராமல் போகலாம். ஆச்சிக்கு அதே ஊசி பெரிதாக எதையும் மாற்றாது. பொது என்ற பெயரில் வரும் ஊசியும் கைக்குழந்தைக்கு ஒன்று, முதியவருக்கு வேறொன்று என்று இரண்டாகத்தான் வரும் என்பது என் எண்ணம்.

2025 மே மாதம் அமெரிக்க அரசு 50 கோடி டாலரை வேறொரு வழியில் திருப்பியது: பீட்டா புரோப்பியோலாக்டோன் என்ற ரசாயனத்தால் முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து, பல வகைகளைக் கலந்து கொடுக்கும் ஊசி. ஜெஃப்ரி டாபன்பெர்கரும் மேத்யூ மெமோலியும் இதன் ஆய்வாளர்கள். 1918 வைரஸின் மரபணு வரிசையை மீட்டெடுத்தவர் இதே டாபன்பெர்கர்தான். ரசாயனமும் முறையும் பழையவை. மூக்கு வழியாகக் கொடுத்துப் பார்க்கும் பகுதி எனக்கு ஆர்வம் தருகிறது, ஏனென்றால் மாடி அறையில் நடந்தது மூக்கில் தொடங்கிய விஷயம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் 22 எம்ஆர்என்ஏ திட்டங்களை நிறுத்தியதோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஒரே குதிரைமேல் பணம் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எம்-001இன் சோதனையும் ஆக்ஸ்ஃபோர்டு சோதனையும் காட்டியது, எந்தக் குதிரை ஓடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதைத்தான்.

வேலைக்கு வரும் அக்கா

இவரைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறேன். இவருக்குக் காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. இருமல் பங்குனி கடைசிவரை இருந்தது. இழந்தது பத்து நாள் கூலி.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது, காசு பெற்றோருடையது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை வருடாவருடம் இந்த அக்காவிடம் நான் எப்படிக் கேட்பது? ஐந்தாண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்ற ஊசி வந்தால், அரசுத் திட்டத்தில் அதைச் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியமாகும். கடும் நோயிலிருந்து ஐந்தாண்டாவது காக்கும் ஊசி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் வைத்த இலக்கும் ஏழை நாடுகளை மனத்தில் வைத்துத்தான். குறித்த ஆண்டு 2027. சிங்கப்பூர் மகளுக்கு இந்த ஊசி ஒரு வசதி. அக்காவுக்கு இதுதான் முதல் ஃப்ளூ ஊசியாகவே இருக்கும்.

பிறகு

மதுரையிலிருந்து வந்த ஆச்சிக்கு, தேறிய ஆறாவது வாரத்தில் நிமோகாக்கல் ஊசியும், அடுத்து ஃப்ளூ ஊசியும் போட்டேன். அவருக்கு முற்றியது நிமோனியாவால் என்பதால் முதலாவதை வலியுறுத்தினேன். பேரனுக்குச் சென்னையில் போட்டார்கள். ஒன்பது வயதுக்குள் முதல் முறை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. அக்காவுக்கு அந்த வீட்டார் செலவில் போடச் சொன்னேன், மறுப்பில்லை.

வழக்கமான ஊசியே இப்போது இளைத்திருக்கிறது. பி வகையின் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிப்படவில்லை. ஆகவே நான்கு வைரஸ் ஊசி பல நாடுகளில் மூன்றாகச் சுருங்கிவிட்டது. கோவிட் காலத்து முகமூடியும் கதவடைப்பும் ஃப்ளூவின் ஒரு கிளையையே அழித்திருக்கலாம். தடுப்பூசி செய்யாததைச் செய்திருக்கிறது.

சாந்தி கண்டவர் சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். "எனக்கு எண்பது வரும்போது அந்த ஒரே ஊசி வந்துருமா டாக்டர்?" என்று ஒருமுறை கேட்டார். எண்பது என்றால் 2033. இன்று முதல் கட்டத்தில் இருக்கும் ஒன்று, எதிலும் இடறாமல் மூன்று கட்டமும் தாண்டினால் வரலாம், அதுவும் முதலில் கடும் நோயை மட்டும் தடுக்கும் ஊசியாகத்தான் வரும் என்று சொன்னேன். "அப்ப இந்த வருஷத்து ஊசியைப் போட்டுவிடுங்க" என்று சட்டைக் கையை மடித்தார்.